சூளைப் பிள்ளைகளுக்கு உதவப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால்தான் பச்சைக் கல், அதாவது சுடாத செங்கல், காயும். அதனால் வேலூர் மாவட்டத்தில் கே.வி.குப்பம், குடியாத்தம் சுற்றுவட்டாரத்திலும், காட்பாடியைத் தாண்டி ஆந்திர எல்லை வரைக்கும் உள்ள செங்கல் சூளைகளிலும் மார்கழி, தையில்தான் ஆள் இறங்குவார்கள். ஆனி பிறந்து தென்மேற்கு மழை எட்டிப் பார்த்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். இடையில் இருப்பது ஐந்தாறு மாதம். அவர்களோடு வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யப்போகும் எதுவாக இருந்தாலும் இந்த ஐந்தாறு மாதத்துக்குள் அடங்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கையோடு போகவும் வேண்டும். தீபாவளிக்குத் துணி, டிசம்பரில் கேக் என்று நம்முடைய பண்டிகைகளை வைத்துத் திட்டம் போட்டால் தீபாவளிக்குச் சூளை காலியாகக் கிடக்கும். கேக் வெட்டும் நாளில் பாதிக் குடும்பம் ரயிலில் இருக்கும்.

வருகிறவர்களை ஒரே கூட்டமாக நினைப்பது முதல் தவறு. திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் உண்டு, இருளர் குடும்பங்கள் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து தென்னிந்தியச் சூளைகளுக்கு ஆண்டுதோறும் பெயர்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இங்கே பள்ளியில் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) ஏற்கெனவே இருக்கும், அதைத் தேடி எடுத்தால் போதும். தெலுங்குப் பிள்ளைக்குப் பேச்சு ஓரளவு சமாளித்துவிடும், இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஒடியாப் பிள்ளைக்கு எல்லாமே முதலிலிருந்து தொடங்க வேண்டும். சூளைக்குப் போனதும் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை பிள்ளைகள்?" என்பதில்லை. "எந்த ஊர், எந்த பாஷை, போன வருஷம் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான்.

எப்போது போவது? கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் விடியலுக்கு வெகு முன்பே, இரவு இரண்டு மூன்று மணிக்கே கல் அறுக்க, அதாவது குழைத்த மண்ணை அச்சில் அடித்துக் கல்லாக்க, இறங்குவார்கள். வெயில் ஏறியதும் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். பிற்பகலில் மறுநாளைக்கு மண் குழைப்பார்கள். மதியம் ஒரு மணிக்கு வேனில் போய் இறங்கி, தூங்குகிற தாயை எழுப்பி வரிசையில் நிற்க வைப்பது உபகாரம் இல்லை. வாரப்படி வாங்கிச் சந்தைக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஞாயிறு மாலை, எல்லோரும் சாவகாசமாக இருப்பார்கள். நேராக உள்ளே நுழையவும் வேண்டாம். அந்த இடம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை ஓரத்தில் இது பெரிய விஷயம். இரண்டு ஊராட்சிக்கு நடுவில் இருக்கும் சூளையை இரண்டு அங்கன்வாடிப் பணியாளர்களும் "எங்கள் பகுதி இல்லை" என்று சொல்வது சகஜம். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அந்தப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடியும். உரியவர் யார் என்று தெரிந்ததும் அந்த அங்கன்வாடிப் பணியாளரையும் கிராம சுகாதார செவிலியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேஸ்திரிக்கும் அது நிம்மதி. தொண்டு என்று வருகிற புது முகங்களைவிட அரசு ஊழியர்களோடு பேசுவது அவருக்குப் பழக்கம்.

பிள்ளைகள் ஏன் களத்தில் இருக்கிறார்கள் என்பது புரியாமல் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிப் பயனில்லை. ஈரக் கல்லை ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டி வைக்க வேண்டும். பெரியவர் மிதித்தால் பச்சைக் கல் நசுங்கும், எடை குறைந்த பிள்ளை வரிசைகளுக்குள் புகுந்து புரட்டும். கணக்கு ஆயிரத்துக்கு என்பதால் அந்தச் சின்னக் கையும் கூலியில் சேர்கிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது: எட்டு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளை களத்தில் வேலை செய்யாமலே பள்ளிக்குப் போகாமல் இருப்பாள், ஏனென்றால் இடுப்பில் தம்பி. தாய் கல் அறுக்கும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. "பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் மூன்றாம் நாள் அவள் வீட்டில்தான் இருப்பாள். தம்பிக்கு அங்கன்வாடியில் இடம் கிடைத்த பிறகுதான் அக்காளுக்குப் பள்ளி. இந்த வரிசை மாறினால் நடக்காது.

அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர் முகவரி, ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை அங்கன்வாடிகள் பொதுவாக நாள் முழுக்க வைத்துக்கொள்வதில்லை, சத்துமாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே இடுப்புக் குழந்தைகள் ஐந்தாறு பேருக்கு மேல் இருந்தால் சூளை ஓரமாகவே ஒரு கொட்டகை போட்டு, பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்துவது நல்லது. ஓலைக் கூரை போதும், தகரம் வேண்டாம். சித்திரை வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், தகரக் கொட்டகை அடுப்பாகிவிடும். நன்கொடை வருகிறது, எதில் செலவு செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தச் சம்பளம்தான். பை, பென்சில், பிஸ்கட் எல்லாம் அப்புறம்.

பள்ளிச் சேர்க்கையில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தெரிந்து பேச வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள 'குழந்தை' என்றுதான் சொல்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்பது 5-ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14-ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கக் கூடாது என்பது 15-ஆம் பிரிவு. சூளைப் பிள்ளைக்கு இதுதான் முக்கியம், அவன் வருவதே ஜனவரியில். இருந்தாலும் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் போய் நிற்பது விவேகமில்லை. அவருடைய கவலை வேறு: மே மாதம் இந்தப் பிள்ளை காணாமல் போனால் இடைநின்றவர் கணக்கு தன் தலையில் விழும். வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர் மூலம், பள்ளி செல்லாக் குழந்தைகள் பட்டியலில் 'புலம்பெயர்ந்தோர்' என்று பதிந்துவிட்டுச் சேர்த்தால் அந்தப் பயம் போய்விடும். இணைப்புச் சிறப்புப் பயிற்சி மையம், தூரமாக இருந்தால் வண்டி வசதி, வழித்துணை ஆகியவற்றைக் கேட்கவும் அந்தப் பதிவே கதவு.

சேர்த்த முதல் வாரத்தில் பிள்ளை நின்றுவிடுவதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, சீருடை. இலவசச் சீருடை ஆண்டுத் தொடக்கத்தில் எண்ணிக்கை பார்த்து வருவது, தை மாதம் சேரும் பிள்ளைக்குக் கையிருப்பு இருக்காது. கலர் துணியில் போகிற பிள்ளை கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும், நாலாம் நாள் வராது. சேர்த்த அன்றே அளவெடுத்து, வேலூர் லாங் பஜாரில் துணி வாங்கி இரண்டு செட் தைத்துக் கொடுங்கள். இரண்டாவது, சாலை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் சூளைகள் ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாகவும் நெடுஞ்சாலைக்கு மறுபுறமும்தான் இருக்கும். சென்னை - பெங்களூர் சாலையைப் பிள்ளைகள் தனியாகக் கடக்கும்படி விடவே கூடாது. ஆட்டோ பேசினால் கூடவே ஒரு பெண் துணைக்குப் போக வேண்டும், ஓட்டுநர் எண்ணும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் பள்ளியில் இருக்க வேண்டும். மூன்றாவது, மொழி. ஒடியாப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் இறங்குமுன் ஒரு மாதம் பேச்சு வேண்டும்: தண்ணீர், பசி, வயிறு வலிக்குது, ஒன்றுக்கு வருது, இந்தப் பையன் அடிக்கிறான். இந்த ஐந்தையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அதே நேரம் அவர்களுடைய ஒடியா எழுத்து மறந்துபோகக் கூடாது, ஆனி முடிந்து அந்தப் பள்ளிக்குத்தான் திரும்பப் போகிறார்கள். தீக்ஷா செயலியில் ஒடியாப் பாடப்புத்தகங்கள் கிடைக்கும். ஒரு செட் அச்செடுத்துச் சூளையிலேயே வைத்துவிடலாம்.

பள்ளிக்கு இழுப்பதில் நம் பேச்சைவிடச் சாப்பாட்டுக்குத்தான் பலம் அதிகம். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் 1 முதல் 5 வகுப்பு வரை காலை உணவு இருக்கிறது. மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வேலைக்குப் போன தாய் காலை எட்டு மணிக்குச் சமைக்க முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள். இதைச் சொன்னால் தாய்மார் தாங்களாகவே அனுப்புவார்கள்.

ரேஷனில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில், ஒடிசாவிலோ ஆந்திராவிலோ தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டை வைத்திருப்பவர் இங்குள்ள நியாயவிலைக் கடையில் தன் தானியத்தை வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஊரில் பாட்டி இருந்தால் அவருக்கான பங்கை அங்கே விட்டுவிட்டு மீதியை மட்டும் இங்கே எடுக்கலாம். அட்டையைக் கையில் கொண்டுவர வேண்டியதில்லை, எண்ணும் ஆதார் இணைப்பும் இருந்தால் போதும். எங்கே சிக்கும் என்றால், விரல் ரேகையில். மண்ணும் மணலும் கல்லும் தேய்த்துத் தேய்த்து அறுப்பவர் விரலில் ரேகையே இருக்காது. இயந்திரம் மூன்று முறை மறுத்ததும் கடைக்காரர் போகச் சொல்லிவிடுவார். கருவிழிப் பதிவு உள்ள கடைக்குப் போகலாம். இல்லாவிட்டால் அட்டையில் பெயருள்ள, களத்தில் குறைவாக வேலை செய்கிற வேறு ஒருவரை அழைத்துப் போகலாம். இன்னொன்று: உதவி என்று நினைத்து ஆதார் முகவரியை வேலூருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். ஊரில் கிடைக்கும் பலதும் அந்த முகவரியை நம்பி இருக்கிறது.

அரிசி இப்படி வந்துவிட்டால் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டியது பருப்பும் எண்ணெயும் முட்டையும்தான். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் துவரம் பருப்பு 2 கிலோ, நிலக்கடலை 1 கிலோ, கொள்ளு 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், அயோடின் உப்பு ஒரு பாக்கெட், முட்டை 30. மேற்கு ஒடிசாக்காரர்களுக்குக் கொள்ளு வீட்டுச் சாமான். சோற்றில் நீரூற்றி மறுநாள் சாப்பிடும் பழக்கமும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், அவர்கள் அதைப் பகாளா என்பார்கள். சமைத்த சாம்பார் சாதப் பொட்டலம் வேண்டாம். பத்து மணிக்குக் கட்டியது இரண்டு மணிக்குப் புளித்திருக்கும், மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு மாலையில் கொடுப்பார்கள், ராத்திரி வயிற்றுப்போக்கு. பால் பவுடரும் புட்டியும் கட்டாயம் வேண்டாம். குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இப்படி இலவசமாக வழங்குவதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், சூளைத் தண்ணீரில் கலக்கிய பால் குழந்தைக்கு விஷம் மாதிரி, தாய்ப்பாலும் அதனால் வற்றும்.

அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மண் குழைக்கும் தொட்டித் தண்ணீரையே குடிக்கவும் எடுக்கும் இடங்கள் உண்டு. குளோரின் மாத்திரை கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது. கலங்கலில் குளோரின் மண்ணோடு செலவாகிவிடும், கிருமி அப்படியே இருக்கும். முதலில் குடத்தில் தெளிய விட்டு, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்ட வேண்டும். அதன்பின் 20 லிட்டருக்கு அரை கிராம் மாத்திரை ஒன்று, மூடி வைத்து அரை மணி நேரம். குடத்துக்குள் கையோடு சொம்பை விட்டு மொண்டால் எல்லாம் வீண். குழாய் வைத்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலையும் சேர்த்துக் கொடுங்கள். டம்ளரில் அரைப் பாக்கெட் என்று குத்துமதிப்பாகக் கலந்தால் உப்பு ஏறிப்போகும், குழந்தைக்கு ஆபத்து. ஒரு முறை கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. துத்தநாக மாத்திரையைச் செவிலியரிடம் வாங்கி 14 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் மறுபடி வருகிறது.

ஊட்டத்தைப் பார்க்க எடை இயந்திரம்கூட வேண்டாம், மேல்கைச் சுற்றளவு நாடா போதும். இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியில், துணி மேல் இல்லாமல், இறுக்காமல் சுற்ற வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, அதிலிருந்து 12.5 வரை மஞ்சள். இது 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு. வயது தெரியாவிட்டால் 110 சென்டிமீட்டருக்குள் உயரம் இருப்பவர்களை அளக்கலாம். சிவப்பு வந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ, கடலை மிட்டாய் கொடுத்துத் தேற்றும் வேலை இல்லை. குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். கூடப் போகும் தாயின் அன்றைய கூலியை யார் கொடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் சொல்லாமல் திரும்பிவிடுவார்.

சிரங்குக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால் பத்து நாளில் திரும்ப வரும். குடிசையில் இருக்கும் அத்தனை பேரும், சொறிச்சல் இல்லாதவர்கள் உட்பட, மருத்துவர் சொன்ன மருந்தை ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துவைக்க முடியாத போர்வையை பிளாஸ்டிக் பையில் மூன்று நாளாவது இறுகக் கட்டி வைத்தால் பூச்சி செத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள பெரியவர் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அந்தக் குடிசைப் பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டுங்கள். தடுப்பூசி நாள் புதன்கிழமை. அட்டை தொலைந்திருந்தால் வெட்கப்பட்டுத் தாய் வரமாட்டார். தொலைந்தாலும் பரவாயில்லை, செவிலியர் வயதுக்கேற்பத் தொடங்குவார், தட்டம்மை - ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போடலாம் என்று சொல்லி அழைத்து வாருங்கள்.

சூளையிலேயே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும், 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை, ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வரை இழுக்கும். கர்ப்பிணி வந்த வாரமே செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) வாங்கிவிட்டால் சான்றிதழ் சிரமமில்லாமல் வரும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை இந்த ஒரு சான்றிதழ்தான் அடிப்படை. "ஊரில் போய்ப் பதிகிறோம்" என்பார்கள். ஊரில் பதிய மாட்டார்கள், சட்டமும் இடம் கொடுக்காது.

வேலூரை ஒட்டிய மேல்மொணவூர் போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் கதை வேறு. அங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், முகவரி நிலையாக இருக்கிறது, 2021 நவம்பர் 2-ஆம் தேதி புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அங்கேதான். அங்கே இல்லாதது குடியுரிமை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் கல்லூரி முடித்து வேலை, பாஸ்போர்ட் என்று வரும்போதுதான் சுவர் தெரியும். சூளைக்குக் கொண்டுபோகும் பருப்புப் பையை அங்கே கொண்டுபோவதில் பொருளில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தை வெளியே விடவில்லை, சந்தைக்குக்கூட ஒருவரைப் பிணையாக வைத்துவிட்டு மற்றவரை அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால், அது உதவிப் பொருள் கொடுக்கும் இடம் இல்லை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். உடனடி உதவித் தொகை 30,000 ரூபாய் வரை உண்டு. உரிமையாளரிடம் போய் நியாயம் பேசாதீர்கள். பேசிய அன்று இரவே குடும்பம் வேறு சூளைக்கு, பல சமயம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்றப்பட்டுவிடும், அதன்பின் எந்த மாவட்டமும் பொறுப்பேற்காது. துணை இல்லாத பிள்ளை, காட்பாடி ஜங்ஷனில் தனியாக நிற்கிற பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடக் கூடாது, சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் அது குற்றம்.

மே மாதம் மூன்றாம் வாரம் மறுபடி சூளைக்குப் போக வேண்டும். மழை முந்தினால் ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள், ஆனி வரை காத்திருக்க முடியாது. பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும் என்பதால் மாற்றுச் சான்றிதழையும் எமிஸ் எண் எழுதிய தாளையும் ஏப்ரலிலேயே கேட்டு வாங்கி வைத்திருங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் பிள்ளைக்கு ஒன்றாக: பள்ளித் தாள், தடுப்பூசி அட்டை, கடைசியாக அளந்த எடையும் கைச் சுற்றளவும், பிறப்புச் சான்று இருந்தால் நகல். மூலம் தாயிடம், நகல் தகப்பனிடம், இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். ரயிலில் தொலைவது பைதான். பெற்றோர் கொடுக்கும் கைப்பேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ரீசார்ஜ் முடிந்து இரண்டு மாதத்தில் அது அணைந்திருக்கும். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் எண்ணும் அங்கன்வாடிப் பணியாளர் எண்ணும் ஜனவரியில் கேட்டால் ஊரிலிருந்து வாங்கித் தருவார்கள். ஜூலையில் அந்த எண்ணுக்கு ஒரு போன், ஒடியா தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.